சிக்னல் ப்ராசஸிங் ஜர்னலுக்கு முதல் பேப்பர் அனுப்புகிறவர்களுக்கு

நான் பகுதிநேர பிஎச்.டி. மாணவன். கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே ஈ.சி.ஜி. சிக்னல்களைக் கணினியில் அலசும் சிக்னல் ப்ராசஸிங் வேலை பார்த்தேன். முதல் பேப்பர் வெளிவர இரண்டே முக்கால் வருடம் பிடித்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதில் ஆய்வுக்குப் போனது எட்டு மாதம்தான். மற்றதெல்லாம் தெரியாத்தனத்துக்குப் போனது. கைடிடம் கேட்கக் கூச்சம், சீனியர்கள் சொன்னதில் பாதி தப்பு. கிட்டத்தட்ட அதே நிலையில் நீங்களும் இருந்தால் இதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

1. முதலில் பணம் கேட்கிறவர்களிடமிருந்து எழுந்து வாருங்கள்

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு கன்சல்டன்சி விளம்பரம் வந்தது. ஸ்கோபஸ் (ஆய்வு ஜர்னல்களைப் பட்டியலிடும் தரவுத்தளம்) ஜர்னல், 15 நாளில் அக்செப்டன்ஸ். 18,000 ரூபாய் கட்டினேன். சொன்னபடியே அக்செப்டன்ஸ் கடிதம் வந்தது, பேப்பரும் இணையத்தில் ஏறியது. ஸ்கோபஸில் மட்டும் வரவே இல்லை. ஆறு மாதம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. நிஜமான ஒரு ஜர்னலின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். என்ற அடையாள எண்ணையும் அப்படியே எடுத்து வேறு முகவரியில் ஒரு தளம் நடத்தியிருக்கிறார்கள். பணம் போனதைவிட, அந்த ஆய்வை இன்னொரு இடத்துக்கு அனுப்ப முடியாமல் போனதுதான் பெரிய நஷ்டம். ஒரு முறை வெளியானது வெளியானதுதானே.

இதிலிருந்து தப்பிக்கப் பத்து நிமிடம் போதும். ஸ்கோபஸின் ஜர்னல் பட்டியலையும், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தை நடத்தும் கிளாரிவேட்டின் மாஸ்டர் ஜர்னல் லிஸ்டையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். ஜர்னல் பெயரை அங்கே தேடுங்கள். எந்த ஆண்டு வரை பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள். நீக்கப்பட்டிருந்தால் அதுவும் தெரியும். பிறகு ஜர்னல் தளத்துக்குப் பதிப்பகத்தின் முகப்புப் பக்கம் வழியாகப் போங்கள். மெயிலில் வந்த லிங்கை அழுத்திப் போகாதீர்கள்.

இன்னொன்று. 'யு.ஜி.சி. கேர் லிஸ்டில் இருக்கிறது சார்' என்று இப்போதும் சொல்லி விற்கிறார்கள். தரமான ஜர்னல்கள் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வைத்திருந்த அந்தப் பட்டியலை அது 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் இப்போது எந்தப் பட்டியலை ஏற்கிறது என்று ஆராய்ச்சிப் பிரிவில் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை தீசிஸ் கொடுக்கும் நாளில் உதவாது.

2. ஜர்னலைத் தேர்ந்தெடுப்பது

எல்லாரும் முதலில் நினைப்பது ஐ ட்ரிபிள் ஈ-யின் (மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகச் சங்கம்) 'டிரான்சாக்‌ஷன்ஸ் ஆன் சிக்னல் ப்ராசஸிங்'. அங்கே புதிய முறை வேண்டும், அது ஏன் வேலை செய்கிறது என்பதற்குக் கணித ரீதியான காரணமும் வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஒரு நியூரல் நெட்வொர்க்கை எடுத்து, ஈ.சி.ஜி. டேட்டாவில் ஓட்டி, நல்ல சதவீதம் வந்தது என்று எழுதினால் ரிவ்யூவுக்கே (வேறு ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கே) போகாமல் திரும்பிவிடும்.

முதல் பேப்பருக்கு என் சிபாரிசு, அதே ஐ ட்ரிபிள் ஈ-யின் சிக்னல் ப்ராசஸிங் சொசைட்டி நடத்தும் 'சிக்னல் ப்ராசஸிங் லெட்டர்ஸ்'. நான்கு பக்கம் விஷயம், ஐந்தாவது பக்கத்தில் மேற்கோள் பட்டியல் மட்டும். ஒரே ஒரு யோசனை, அதைத் தெளிவாகச் சொன்னால் போதும். முடிவும் சீக்கிரம் வரும். அங்கே வெளியான பேப்பரை ஓராண்டுக்குள் ஐகாஸ்ப் போன்ற அந்தச் சொசைட்டியின் மாநாடுகளில் வாசிக்க வாய்ப்பும் உண்டு. விசா, விமானச் செலவெல்லாம் தனிக் கதை.

உங்கள் வேலை பயன்பாடு சார்ந்தது என்றால் எல்ஸ்வியர் பதிப்பகத்தின் 'டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்', 'பயோமெடிக்கல் சிக்னல் ப்ராசஸிங் அண்ட் கன்ட்ரோல்', ஸ்ப்ரிங்கரின் 'சர்க்யூட்ஸ், சிஸ்டம்ஸ் அண்ட் சிக்னல் ப்ராசஸிங்', 'சிக்னல், இமேஜ் அண்ட் வீடியோ ப்ராசஸிங்' இவற்றைப் பாருங்கள். இந்திய அறிவியல் அகாடமியின் 'சாதனா'வையும் ஒதுக்க வேண்டாம்; நம் ஆட்கள் ஏனோ அதைக் கண்டுகொள்வதில்லை.

தேர்வுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. உங்கள் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் நினைக்கும் ஜர்னலில் கடந்த மூன்று ஆண்டுகளில் வந்த பேப்பர் ஒன்றுகூட அதில் இல்லை என்றால், அந்த வாசகர்களுக்கு நீங்கள் எழுதவில்லை என்று அர்த்தம்.

3. செலவுக் கணக்கு

நல்ல ஜர்னலில் ஒரு பைசா கட்டாமல் பேப்பர் போடலாம். இது எனக்கு இரண்டாவது வருடத்தில்தான் தெரிந்தது.

மேலே சொன்ன பதிப்பக ஜர்னல்களில் இரண்டு வழி இருக்கும். பழைய வழியில் எழுதுகிறவருக்குக் கட்டணம் இல்லை, படிக்கிறவர்களின் நூலகம் சந்தா கட்டும். ஓப்பன் ஆக்சஸ் வழியில் யாரும் இலவசமாகப் படிக்கலாம், ஆனால் நீங்கள் கட்ட வேண்டும். ஐ ட்ரிபிள் ஈ-யில் அது 2,000 டாலருக்கு மேல் போகும். விண்ணப்பத்தில் எங்கோ ஒரு மூலையில் இந்தக் கேள்வி வரும். யோசிக்காமல் டிக் போடாதீர்கள். 'ஐ ட்ரிபிள் ஈ ஆக்சஸ்', 'ஓப்பன் ஜர்னல் ஆஃப் சிக்னல் ப்ராசஸிங்', யூராசிப்பின் (ஐரோப்பிய சிக்னல் ப்ராசஸிங் சங்கம்) 'அட்வான்சஸ் இன் சிக்னல் ப்ராசஸிங்' இவை முழுக்க ஓப்பன் ஆக்சஸ். அங்கே இலவச வழி கிடையாது.

அடுத்தது பக்கக் கட்டணம். டிரான்சாக்‌ஷன்ஸில் முதல் முறை அனுப்பும்போது 13 பக்கம் வரை போகலாம் என்றதும் நாம் 13 பக்கத்தையும் நிரப்பிவிடுவோம். ஆனால் அச்சில் 10 பக்கத்தைத் தாண்டும் ஒவ்வொரு பக்கத்துக்கும் 220 டாலர் கட்டாயக் கட்டணம். மூன்று பக்கம் கூடினால் 660 டாலர், அதாவது ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். முதல் பத்துப் பக்கங்களுக்குப் பக்கத்துக்கு 110 டாலர் என்று இன்னொரு வரியும் இருக்கும். அது விருப்பக் கட்டணம், கட்டாவிட்டாலும் பேப்பர் வரும். என் நண்பர் ஒருவர் அதைக் கட்டாயம் என்று நினைத்துக் கல்லூரியில் பணம் கேட்டு, கல்லூரி மறுத்து, பேப்பரையே திரும்பப் பெறும் அளவுக்குப் போய்விட்டார். தொகைகள் மாறக்கூடியவை, அனுப்பும் வாரத்தில் ஒரு முறை ஜர்னலின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டாலரில் கட்ட நேர்ந்தால் வரியும் கார்டு வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும்.

4. உங்கள் முடிவை நீங்களே உடைத்துப் பாருங்கள்

போலி ஜர்னலில் ஏமாந்த பிறகு, அடுத்த ஆய்வை உருப்படியான ஓர் இதழுக்கு அனுப்பினேன். இரண்டு ரிவ்யூவர்களும் நிராகரித்தார்கள். அந்தக் கடிதத்தை இப்போது படித்தாலும் காது சூடாகிறது.

நம்மில் பெரும்பாலோர் ஈ.சி.ஜி.க்கு எடுப்பது எம்.ஐ.டி.-பி.ஐ.எச். டேட்டாபேஸ். பிசியோநெட் என்ற இணையதளத்தில் இலவசம். 47 பேரிடம் எடுத்த 48 பதிவுகள், ஒவ்வொன்றும் சுமார் அரை மணி நேரம், விநாடிக்கு 360 மாதிரிகள். நான் செய்த முதல் வேலை, மின்சார இரைச்சலை நீக்க 50 ஹெர்ட்ஸ் நாட்ச் ஃபில்டர் (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டி) போட்டது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்தானே! ஆனால் அந்தப் பதிவுகள் அமெரிக்காவின் பாஸ்டனில் எடுத்தவை. அங்கே 60 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸை எளிய டிஜிட்டல் ஃபில்டரால் நீக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் 360 என்ற எண்ணையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 360, 60-இன் ஆறு மடங்கு. டேட்டாவோடு வரும் விளக்கத்திலேயே அது எழுதியிருக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை. இல்லாத இரைச்சலை நீக்கிவிட்டு, 'ஃபில்டருக்குப் பிறகு சிக்னல் மேம்பட்டது' என்று படம் வேறு போட்டிருந்தேன்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. இதைச் செய்கிறவர்கள் இன்றும் ஏராளம். எல்லா இதயத் துடிப்புகளையும் ஒரே குவியலாகப் போட்டுக் கலைத்து, 80 சதவீதத்தை மாடலின் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் பிரித்தேன். 99 சதவீதத்துக்கு மேல் துல்லியம் வந்தது. குதித்தேன். ஆனால் ஒரே ஆளின் துடிப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஒருவரின் துடிப்பு வடிவம் அரை மணி நேரத்தில் அதிகம் மாறாது. பரீட்சைக் கேள்வியை முதல் நாளே கொடுத்துவிட்டு நூற்றுக்கு நூறு வாங்கியதாகச் சொல்வது போலத்தான் இது. ரிவ்யூவர் கேட்டது ஒரே கேள்வி: ஆள்வாரியாகப் பிரித்தால் எவ்வளவு வரும்? பிரித்துப் பார்த்தேன். எண்பதுகளுக்கு இறங்கியது.

ஆள்வாரியாகப் பிரிக்கும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. 48 பதிவுகள், 47 ஆட்கள் என்றேன் அல்லவா? 201, 202 என்ற எண் கொண்ட பதிவுகள் இரண்டும் ஒரே ஆளுடையவை. அவற்றைப் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டால் மறுபடி அதே தவறு. பேஸ்மேக்கர் வைத்தவர்களின் பதிவுகள் நான்கு (102, 104, 107, 217). வழக்கமாக அவற்றை விலக்குவார்கள். விலக்கினீர்களா, இல்லையா என்பதைப் பேப்பரில் எழுதுங்கள்.

உங்கள் துறை பேச்சொலியாகவோ படமாகவோ இருக்கலாம். கேட்க வேண்டியவை ஒன்றுதான்: இந்த டேட்டா எங்கே, எந்தக் கருவியில், யாரிடம் எடுத்தது, என் சோதனைப் பகுதி நிஜமாகவே என் மாடலுக்குப் புதியதா? படத்துறைக்காரர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: பாடப் புத்தகங்களில் வரும் அந்த 'லேனா' படத்தை (தொப்பி அணிந்த பெண்ணின் படம்) போடாதீர்கள். ஐ ட்ரிபிள் ஈ-யின் கம்ப்யூட்டர் சொசைட்டி 2024 ஏப்ரல் 1 முதல் புதிய பேப்பர்களில் அதை ஏற்பதில்லை என்று அறிவித்திருக்கிறது.

5. எழுதுவது

ஐ ட்ரிபிள் ஈ-க்கு என்றால் லேடெக் (சமன்பாடுகள் நிறைந்த பேப்பர்களை எழுதும் மென்பொருள்) டெம்ப்ளேட்டை முதல் நாளே எடுத்துக்கொள்ளுங்கள். வேர்டில் எழுதிவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து இரண்டு வாரம் சமன்பாடுகளைத் திரும்ப அடித்தவன் சொல்கிறேன். லேடெக்கை இணையத்திலேயே எழுத உதவும் ஓவர்லீஃபில் இலவசக் கணக்கு போதும்.

மேட்லேப் வரைபடத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டாதீர்கள். பி.டி.எஃப். அல்லது இ.பி.எஸ். ஆக ஏற்றுமதி செய்யுங்கள். இரண்டு நெடும்பத்திகளாக அச்சாகும் பக்கத்தில் எழுத்து வாசிக்கும்படி இருக்கிறதா என்று ஒரு பிரின்ட் எடுத்துப் பாருங்கள்.

இலக்கணம் திருத்த ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் பத்திகளையே அது எழுதியிருந்தால், எந்தக் கருவி, எந்தப் பகுதி என்று நன்றியுரைப் பகுதியில் குறிப்பிட வேண்டும் என்பது ஐ ட்ரிபிள் ஈ விதி. மேற்கோள் பட்டியலை மட்டும் அதனிடம் விடவே விடாதீர்கள். இல்லாத பேப்பரை இருப்பதாகச் சொல்லும். ஒவ்வொரு டி.ஓ.ஐ.-யையும் (பேப்பரின் நிரந்தர இணைய எண்) கையால் திறந்து பாருங்கள்.

உங்கள் பழைய மாநாட்டுப் பேப்பரை விரிவாக்கி அனுப்புகிறீர்களா? அதை மேற்கோள் காட்டி, இதில் என்ன புதியது என்று முன்னுரையிலேயே சொல்லுங்கள். ஜர்னல் ஒப்புமைச் சோதனை செய்யும். உங்கள் வரிகளே உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். அதற்கு முன்பே கல்லூரி நூலகத்தில் ஒப்புமை அறிக்கை ஒன்று எடுத்துப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் இலவசச் சோதனைத் தளங்களில் வெளிவராத பேப்பரை ஏற்ற வேண்டாம்.

6. கையில் இருக்க வேண்டியவை

ஆர்கிட் எண் (ஆய்வாளரை அடையாளம் காட்டும் எண்) முதலில். இலவசம், ஐந்து நிமிட வேலை. உங்களுக்கு மட்டுமில்லாமல் எல்லா ஆசிரியர்களுக்கும் வாங்கச் சொல்லிவிடுங்கள். கைடுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே ஒன்று இருக்கும், பாஸ்வேர்டுதான் மறந்திருக்கும். அதை மீட்க ஒரு வாரம் ஆகும் என்று கணக்கில் வையுங்கள்.

இனி, நம் பெயர்ப் பிரச்சினை. இதற்கு ஒரு தனி அத்தியாயமே எழுதலாம். படிவம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி காட்டும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? உதாரணமாக மு. செல்வி என்று வைத்துக்கொள்வோம். முதல் பெட்டியில் செல்வி, இரண்டாவதில் மு. என்று போட்டால் உலகம் அவரை வெறும் இரண்டு இனிஷியல்களாக மேற்கோள் காட்டும். செல்வி முருகன் என்று விரித்துப் போட்டால் மேற்கோளில் எஸ். முருகன் என்று வரும். அப்பாவுக்கு எச்-இன்டெக்ஸ் (மேற்கோள்களைக் கொண்டு ஆய்வாளரை அளக்கும் எண்) ஏறும். முதல் பெட்டியில் இனிஷியல், இரண்டாவதில் சொந்தப் பெயர் என்று போட்டால்தான் எம். செல்வி என்று சரியாக வரும். எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஆர்கிட்டிலும் எல்லாப் பேப்பரிலும் அதே வடிவம் இருக்கட்டும். பல்கலைக்கழகப் பதிவில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். எனக்கு இரண்டு பேப்பரில் இரண்டு பெயர், ஸ்கோபஸில் இரண்டு ஆள். ஒன்றாக்க மெயில் மேல் மெயில் போட வேண்டியிருந்தது.

ஆசிரியர் பட்டியலை அனுப்பும் முன்பே இறுதி செய்யுங்கள். அனுப்பிய பிறகு துறைத்தலைவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று ஆரம்பித்தால் எடிட்டர் சந்தேகத்தோடு பார்ப்பார். வேலையில் பங்கில்லாதவர் பெயரைச் சேர்ப்பது விதிப்படி தவறு. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

மருத்துவமனையில் நீங்களே டேட்டா எடுத்திருந்தால் அங்குள்ள நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதமும் நோயாளிகளின் சம்மதப் படிவங்களும் வேண்டும். இது ஆய்வு தொடங்கும் முன் வாங்க வேண்டியது. பின்தேதியிட்டு யாரும் தரமாட்டார்கள், தந்தாலும் வாங்கக்கூடாது. குழு கூடும் தேதியைப் பொறுத்து மாதக்கணக்கில் ஆகலாம்.

7. அனுப்பும் நாள்

ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். தளத்தில் கணக்கு தொடங்கி, தலைப்பு, சுருக்கம், ஆசிரியர்கள் என்று ஒவ்வொரு பக்கமாகப் போகும். சிக்னல் ப்ராசஸிங் சொசைட்டி ஜர்னல்களில் 'எடிக்ஸ்' என்று ஒரு வகைப் பட்டியல் வரும். அவசரத்தில் முதலில் கண்ணில் படுவதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பேப்பர் எந்த அசோசியேட் எடிட்டர் மேசைக்குப் போகும் என்பதற்கு அதுதான் வழிகாட்டி. உங்கள் வேலைக்குப் பொருந்தும் வகையே இல்லை என்றால், ஜர்னல் தேர்வே தப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடர்பு ஆசிரியருக்குக் கல்லூரி மெயிலைக் கொடுத்தால், நீங்கள் வேலை மாறினாலும் திறக்கக்கூடிய இன்னொரு மெயிலையும் சேருங்கள். கடைசியாகத் தளமே உருவாக்கும் பி.டி.எஃப்.-ஐத் திறந்து முதல் வரியிலிருந்து பாருங்கள். என்னுடையதில் கிரேக்க எழுத்துகள் எல்லாம் கட்டமாக மாறியிருந்தன.

அதே நாளில் ஆர்கைவிலும் (பேப்பர்களை யாரும் இலவசமாகப் படிக்க முன்கூட்டியே ஏற்றும் தளம்) ஏற்றலாமா என்று கேட்பார்கள். ஐ ட்ரிபிள் ஈ அனுமதிக்கிறது, கட்டணமும் இல்லை. முதல் முறை ஏற்றுகிறவருக்கு அங்கே ஏற்கெனவே எழுதிய ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம்.

ஒரே பேப்பரை இரண்டு ஜர்னலுக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். மாட்டிக்கொண்டால் இரண்டும் போகும், பெயரும் போகும்.

8. காத்திருப்பது

ரிவ்யூவுக்கே போகாமல் திரும்புவது என்றால் ஓரிரு வாரத்தில் தெரிந்துவிடும். அதைத் தாண்டினால் லெட்டர்ஸ் மாதிரிச் சின்னப் பேப்பருக்கு இரண்டு மூன்று மாதம், முழு நீளப் பேப்பருக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் தளத்தில் நுழைந்து பார்ப்பதால் எதுவும் நகராது. எனக்கு நன்றாகத் தெரியும். நான்கு மாதம் தாண்டினால் இரண்டு வரியில் மரியாதையாக ஒரு மெயில் போடலாம்.

9. திருத்தச் சொல்லி வந்தால்

அது நல்ல செய்தி. நான் முதல் முறை 'மேஜர் ரிவிஷன்' என்று பார்த்ததும் தோற்றுவிட்டதாக நினைத்து மூன்று நாள் மெயிலைத் திறக்கவில்லை. கெடு தேதி அந்த மெயிலிலேயே இருக்கும். மூன்று நாள் அப்படியே போயிற்று.

பதில் கடிதத்தில் ரிவ்யூவரின் ஒவ்வொரு கருத்தையும் அப்படியே ஒட்டி, கீழே உங்கள் பதில், அதற்குக் கீழே பேப்பரில் எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். மாற்றங்களை நீல எழுத்தில் காட்டுங்கள். அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், தவறாகப் புரியும்படி நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு அந்தப் பத்தியை மாற்றுங்கள். நிஜமாகவே உடன்பாடு இல்லாத இடத்தில் மறுக்கலாம், ஆனால் ஒரு சோதனையைச் செய்து எண்ணோடு மறுங்கள். தன் பேப்பர்கள் நான்கைந்தை மேற்கோள் காட்டச் சொல்லும் ரிவ்யூவரும் வருவார். பொருந்துவதைச் சேர்த்துவிட்டு, மற்றதைப் பற்றி எடிட்டருக்குத் தனியாக எழுதுங்கள்.

நிராகரித்தால் அதே ஜர்னலுக்கு மறுபடி அனுப்பலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அனுமதி இருந்தாலும், முன்பு நிராகரிக்கப்பட்டது, இன்னின்ன மாற்றியிருக்கிறேன் என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும். தலைப்பை மாற்றிப் புதியது போல அனுப்பினால் அதே ரிவ்யூவர் கையில் போய் விழும். இது சின்ன உலகம்.

10. ஏற்றுக்கொண்ட பிறகு

இனிப்பு கொடுத்துவிட்டு உட்காருங்கள், வேலை இருக்கிறது. இறுதி லேடெக் கோப்புகள், படங்கள் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். அடுத்து மின்னணுக் காப்புரிமைப் படிவம். அங்கேதான் ஓப்பன் ஆக்சஸ் கேள்வி மறுபடி தலைகாட்டும். இலவச வழி வேண்டுமென்றால் கவனமாகப் பாருங்கள். அச்சுக்கு முந்தைய பிரதியான ப்ரூஃப் வந்ததும் ஓரிரு நாளில் திருப்பிக் கேட்பார்கள். உங்கள் பெயர், கல்லூரிப் பெயர், நிதி உதவி எண், சமன்பாடுகளின் கீழ்க்குறிகள் இவற்றை முதலில் பாருங்கள்.

டி.ஓ.ஐ. கிடைத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்து தீசிஸ் தேதியைக் குறித்துவிடாதீர்கள். ஸ்கோபஸிலும் வெப் ஆஃப் சயன்ஸிலும் ஏற இன்னும் சில வாரம் ஆகும். பல்கலைக்கழக எழுத்தர் கேட்பது அந்தப் பக்கத்தின் அச்சைத்தான். அக்செப்டன்ஸ் மெயிலை பி.டி.எஃப். ஆகச் சேமித்து, பேப்பரின் முதல் பக்கத்தோடும் இண்டெக்ஸ் ஆன பக்கத்தின் அச்சோடும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். என்னிடம் அந்த மூன்றையும் நான்கு தடவை கேட்டார்கள்.